பின்புலம் மட்டும்

சூளைமேடு நெடுஞ்சாலையில்
ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
பத்துக்கு எட்டு அடி.
ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு,
கசங்காமல் தொங்கும் வெள்ளைத் துணி,
கணினிக்கு முன்னால் நான்.

எங்கள் ஊரில் கலர் என்றால்
கலர் இல்லாதது.
'பொண்ணு நல்ல கலர்' என்றால் வெளுப்பு.
'கொஞ்சம் கலர் ஏத்துங்க' என்று வருகிறவர்களுக்கு
ஒன்பது வருஷமாக
இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
கன்னத்தில் இரண்டு இழுப்பு, கழுத்தில் ஒன்று.
அவசரத்தில் காதை மறந்துவிடுவேன்.
இந்தப் பேட்டை ஆல்பங்களில் பாருங்கள்,
முகம் ஒரு வம்சம், காது ஒரு வம்சம்.

அவள் மத்தியானம் வந்தாள்.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
ம்வாஜுமா. ஊர் டாங்கா, கடலோரம்.
வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்று அர்த்தமாம்.
சாஸ்திரி பவனில் கொடுக்க எட்டு படம்,
வெள்ளைப் பின்புலம் கட்டாயம்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருத்தன்
அவளைப் பார்த்து ஏதோ கத்தினான்.
கத்தினவன் என்னைவிடக் கறுப்பு.
நான் அவனை எதுவும் கேட்கவில்லை,
ஏசிக்காகச் சாத்துவதுபோல்
கதவைச் சாத்தினேன்.

தாடையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். எடுத்தேன்.
கைப்பழக்கம்,
கேட்காமலே இழுத்தேன்.
நெற்றி, கன்னம், கழுத்து,
இந்த முறை காதுகூட.
திரையைத் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தாள்.
'யாரு இது?' என்றாள்.
மூன்று வருஷத் தமிழ்,
பாதி ஹாஸ்டல் மெஸ், பாதி ஷேர் ஆட்டோ.
'பின்னாடி மட்டும்தான் வெள்ளை கேட்டாங்க.
என்னைக் கேக்கல.'

ஒவ்வோர் இழுப்பாகத் திரும்பிப் போனேன்.
நெற்றியோரம் ஒரு சின்னத் தழும்பு எழுந்து வந்தது.
அதையும் சேர்த்துத்தான் வெளுத்திருந்தேன்.

பிறகு பேரம்.
எட்டு படம் நூறு ரூபாய்.
'அடுத்த தெருவுல எண்பது.'
'அங்கேயே எடுத்திருக்கலாமே?'
'அங்க என்னை வெளிய நிக்க வெச்சாங்க.'
சொன்ன கையோடு எண்பத்தைந்தில் நின்றாள்,
அசையவில்லை.
ஓரம் கோணல் என்று மறுபடி வெட்டச் சொன்னாள்.
அவசரம் என்று குறுக்கே புகுந்த சஃபாரி சட்டைக்காரரை
என்னைக் கேட்காமல்
வரிசைக்குப் பின்னால் அனுப்பினாள்.

மகா கறார். கஞ்சம். வாய் கொஞ்சம் நீளம்.
எனக்கு அவளைப் பிடித்ததா, தெரியாது.
ஆனால் பிடிக்காமல் போக
அவளே சம்பாதித்த காரணங்கள் இருந்தன.
அந்த மரியாதைகூட
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எனக்குத் தரவில்லை.

நாலு குடும்பம்.
பத்து நிமிஷம் பேசியிருந்தால்
என் முன்கோபத்துக்காகவே வேண்டாம் என்றிருக்கலாம்,
நானும் நியாயம் என்றிருப்பேன்.
அப்பா குறிப்பில் 'மாநிறம்' என்று எழுதியிருந்தார்.
வந்தவர்கள் தாளையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார்கள்,
கேசரி ஆறியது.
'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா'
என்று அத்தை சமாதானம் சொன்னாள்.
அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லில்
முப்பத்தொரு வருஷமாக
வாடகைக்கு இருக்கிறேன்.

படங்களை உறையில் போட்டுக்கொண்டு
வெயிலில் இறங்கிப் போனாள்.
டீக்கடையில் இப்போது வேறு யாரோ.

ஆறு மணிக்கு ஓர் அம்மா,
பள்ளிச் சீருடையில் மகள்.
அடையாள அட்டைக்குப் படம்.
'கொஞ்சம் கலர் ஏத்திடும்மா.'
முதலாளி கல்லாவில் இருந்தார்.
சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள்.
நான் மகளைக் கேட்டேன்,
'ஏத்தவா?'

அவள் திரையைப் பார்த்தாள்.
அம்மாவைப் பார்த்தாள்.
என் கையைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

'காதை மட்டும் மறந்துடாதீங்கக்கா' என்றாள்.